தோட்ட லயத்து வீட்டில் பிள்ளைக்கு மஞ்சள் (காமாலை) பார்ப்பது எப்படி?

புதுமிஸி (சுங்கை சிப்புட், மலேசியா):
வணக்கம் அக்காமாரே. கிளினிக் டேசாவில் (கிராமத்து அரசாங்க கிளினிக்) மிஸி, அதாவது நர்ஸ் வேலை. பிரசவம் முடிந்த வீடுகளுக்கு 1, 2, 3, 4, 6, 8, 10, 20 ஆம் நாள் விசிட். இதில் 4, 6 ஆம் நாளில் பிள்ளைக்கு மஞ்சள் காமாலை இருக்கா என்று பார்ப்பதில்தான் தடுமாறுகிறேன். பிள்ளை கிடக்கும் அறையில் ஜன்னலைச் சாத்தி மஞ்சள் பல்பு போட்டிருக்கிறார்கள். தாய்க்குப் பூசிய மஞ்சள் பிள்ளை கன்னத்திலும் ஒட்டியிருக்கிறது. பிள்ளையும் கறுப்பு நிறம். பாட்டியோ, "காலை வெயில்ல காட்டினா சரியாயிடும் மிஸி" என்கிறார். எதை வைத்து ரத்தம் எடுக்க அனுப்புவது?

தோட்டவிசிட்:
தங்கச்சி, முதலில் அந்த மஞ்சளைத் துடைங்க. வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பஞ்சு போதும். பிள்ளையை வாசல் பக்கம், பகல் வெளிச்சம் விழும் இடத்துக்குக் கொண்டு வரச் சொல்லுங்க. மஞ்சள் துணி சுற்றியிருந்தால் அதையும் எடுத்துடுங்க, அதன் நிறம் தோலில் அடிக்கும்.

சட்டையை முழுசாக் கழற்றிட்டு, நெற்றியில் விரலை இரண்டு நொடி அழுத்தி எடுங்க. ரத்தம் விலகிய அந்த வெளுத்த இடத்தில் என்ன நிறம் தெரியுது என்று பாருங்க. அப்படியே நெஞ்சு, தொப்புளுக்குக் கீழே, முழங்கால், பாதம் என்று இறங்குங்க. முகத்தோடு நின்றால் ரத்தத்தில் பிலிருபின் (மஞ்சள் நிறம் தரும் பொருள்) லிட்டருக்கு ஏறக்குறைய 100 மைக்ரோமோல், நெஞ்சு வரை 150, தொடை வரை 200, கணுக்கால் வரை 250, உள்ளங்காலும் மஞ்சள் என்றால் அதற்கும் மேலே. இது உத்தேசக் கணக்குதான். கறுத்த பிள்ளைக்கு இந்தக் கணக்கு குறைச்சலாகத்தான் காட்டும். அதனால் ஈறையும் கண்ணின் வெள்ளையையும் கட்டாயம் பாருங்க. "காலில் மஞ்சள் இல்லை" என்பதை வைத்து அளவு குறைவு என்று எழுதிடாதீங்க.

தோலில் வைத்துப் பார்க்கும் கருவி கையில் இருந்தால் அதுதான் மேல். 200 தாண்டினால் ரத்தம் எடுத்து உறுதி செய்யணும். மஞ்சளைக் குறைக்க ஆஸ்பத்திரியில் நீல விளக்கில் வைத்து எடுத்த பிள்ளைக்கு அந்தக் கருவி ஆகாது. விளக்கு தோலை வெளுக்க வைத்துவிடும், ரத்தத்தில் அளவு உயர்ந்தே இருக்கும்.

குதிகாலில் எடுத்த ரத்தத்தை அலுமினியத் தாளில் சுற்றி அனுப்புங்க. வெளிச்சம் பட்டால் பிலிருபின் உடைந்து, லேப்பில் குறைந்த எண் வரும். மோட்டார் கூடையில் திறந்தபடி போன பாட்டிலை நம்பி பிள்ளையை வீட்டில் விட்டுடக் கூடாது.

பிரசவவார்டு:
பிள்ளையைத் தொடும் முன் தாயின் கிளினிக் புத்தகத்தைத் திறங்க. தாய் ஓ குரூப்பா? ஆர்எச் நெகட்டிவா? தாய் ரத்தமும் பிள்ளை ரத்தமும் ஒத்துப்போகாவிட்டால் பிள்ளையின் சிவப்பணுக்கள் உடைந்து மஞ்சள் ஏறும். நம் இந்தியத் தாய்மாரிடம் நெகட்டிவ், மலாய், சீனத் தாய்மாரை விட அதிகம். தொப்புள்கொடி ரத்தத்தில் எடுத்த ஜி6பிடி (சிவப்பணுக்களைக் காக்கும் நொதி) முடிவு எழுதியிருக்கா? முடிவு வரும் முன்னே வீட்டுக்குப் போன பிள்ளைகள் உண்டு. அந்தக் கட்டம் காலியாக இருந்தால் அன்றைக்கே போன் போட்டுக் கேளுங்க.

ஜி6பிடி குறைவான பிள்ளை என்றால் துணிப் பெட்டியையும் பார்க்கணும். அக்காள் பிள்ளையின் பழைய சட்டைகளைப் பாச்சை உருண்டை போட்டுப் பல வருடம் பூட்டி வைத்து, பிள்ளை பிறந்ததும் அப்படியே போட்டுவிடுவார்கள். அந்த நாப்தலின் வாடையே சிவப்பணுக்களை உடைக்கும். மஞ்சள் கிடுகிடுவென ஏறும். "கெகாட் மருந்து (பாச்சை உருண்டை) போட்ட துணியா?" என்று நேராகவே கேளுங்க. துவைத்தால் போதும் என்று நினைக்காதீங்க. அந்தத் துணியே வேண்டாம். மூலிகைப் பொட்டலம், உரைமருந்து எதுவும் அந்தப் பிள்ளைக்கு வேண்டாம்.

பிறந்து 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தால் அளவு பார்த்துக்கொண்டு நிற்காதீங்க, உடனே ஆஸ்பத்திரி. எந்த நாளானாலும் பிள்ளை சப்பாமல் தூங்கிக்கொண்டே இருந்தாலோ, துவண்டு கிடந்தாலோ, முதுகை வளைத்துக் கீச்சுக் குரலில் அழுதாலோ அதேதான். பிலிருபின் மூளைக்குப் போகத் தொடங்கிய அறிகுறி அது. காதும் கைகாலும் போனால் திரும்பி வராது.

தாய்ப்பால்:
வெயில் விஷயத்துக்கு வருகிறேன். பாட்டியிடம் "தப்பு" என்று சொன்னால் அடுத்த விசிட்டில் கதவு திறக்காது. "பாட்டி, மஞ்சள் மலத்தோடதான் வெளியே போகும், அதுக்குப் பால் வேணும்" என்று சொல்லுங்க. பிறந்ததும் போகும் கறுப்பு மலம் குடலில் தங்கினால் அதிலுள்ள பிலிருபின் மறுபடி ரத்தத்துக்கே ஏறும். வெயிலில் போட்டால் பிள்ளை காய்ந்து, இன்னும் குறைவாகக் குடிக்கும். சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தால் வயிறு நிறையும், மலம் போகாது.

நாளுக்கு 8 முதல் 12 தடவை பால். 5 ஆம் நாளுக்குள் 6 ஈர டயப்பராவது வரணும், மலமும் மஞ்சளாக மாறியிருக்கணும். தராசைக் கட்டாயம் எடுத்துப் போங்க. 3 கிலோ பிள்ளை 300 கிராம் குறைந்தால் 10 சதவீதம், அது டாக்டர் பார்க்க வேண்டிய பிள்ளை. 4 க்கும் 6 க்கும் நடுவில் விசிட் இல்லை, ஆனால் மஞ்சள் உச்சத்துக்கு ஏறுவது பெரும்பாலும் அப்போதுதான். பால் சரியாக இறங்காத வீட்டுக்கு 5 ஆம் நாளும் ஒரு எட்டுப் போய்ப் பாருங்க. வாட்ஸ்அப் படம் வேண்டாம், போன் கேமரா நிறத்தை மாற்றிவிடும்.

புதுமிஸி:
ரொம்ப நன்றி அக்கா. 20 ஆம் நாளும் லேசாக மஞ்சள் இருந்தால்? தாய்ப்பால் மஞ்சள் என்று விட்டுவிடலாமா?

பிரசவவார்டு:
கூடாது. நிறைமாதப் பிள்ளைக்கு 14 நாள், குறைமாதத்துக்கு 21 நாள் தாண்டினால் டாக்டரிடம் அனுப்பணும். தாய்ப்பால் மஞ்சள் என்பது மற்றதையெல்லாம் சோதித்த பிறகு சொல்வது. டயப்பரை நீங்களே பிரித்துப் பாருங்க, தாய் சொல்வதை மட்டும் எழுதாதீங்க. மலம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்து, சிறுநீர் டயப்பரில் மஞ்சள் கறை பிடித்தால் பித்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம். ஆபரேஷன் 60 நாளுக்குள் நடந்தால்தான் ஈரலைக் காப்பாற்ற நல்ல வாய்ப்பு. 20 ஆம் நாள் கண்டுபிடித்தால் கையில் 40 நாள் இருக்கிறது.