விளக்கமறியலில் உள்ளவருக்குச் சிகிச்சை: சட்டம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். விளக்கமறியலில் இருக்கும் என் சித்தப்பா நீரிழிவு நோயாளி. இடது கால் பெருவிரலில் புண். சென்ற கிழமை பார்க்கப் போனபோது கிழித்த சாரத் துண்டால் அதைச் சுற்றியிருந்தார். நீர் ஊறி, துணி தோலோடு ஒட்டிப்போயிருந்தது. கிளினிக் கொப்பியும் கொடுத்துவிட்டோம். வைத்தியசாலைக்குக் கூட்டிப்போகக் காவலுக்கு ஆளில்லையாம். புண்ணுக்கு அது விளங்குமா?

வெளியில் மக்களுக்குக் கிடைக்கும் அதே தரமான சிகிச்சை கைதிக்கும் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்கிறது, 2015இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட நெல்சன் மண்டேலா விதிகளின் 24ஆம் விதி. நமது அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகளில் சுகாதாரம் தனியாக இல்லை. 11ஆம் உறுப்புரை கொடூரமான, இழிவான நடத்துகையைத் தடுக்கிறது, அவ்வளவுதான். அடிப்படை உரிமை மீறப்பட்டால், 126ஆம் உறுப்புரையின்படி உயர் நீதிமன்றம் செல்ல ஒரு மாதமே அவகாசம். அதற்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், விசாரணைக் காலம் அந்த மாதத்தில் சேராது என்கிறது 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம்.

வழக்குத் தவணை இன்னும் தள்ளியிருக்கிறது. அதற்கு முன்பே நகர்த்தல் பத்திரம் (தவணைக்கு முன் வழக்கை அழைக்கக் கேட்கும் மனு) மூலம் நீதவானிடம் போதனா வைத்தியசாலைக்கு அனுப்பும் கட்டளை பெற்றவர்கள் யாரேனும் இருக்கிறீர்களா? எந்த மருத்துவ ஆவணங்களை இணைத்தீர்கள்? சட்ட உதவி ஆணைக்குழு இதை எடுத்துக்கொள்ளுமா? பிணை வேறு கதை, அதை இங்கே கிளற வேண்டாம். சட்டத்தரணி அண்ணாமார், அக்காமார் உட்பெட்டியில் எழுதினாலும் போதும்.