நாயை வண்டியோடு ஓட்டுவது பயிற்சியா, வதையா?

செவலையின் அம்மா (சத்துவாச்சாரி):

நேற்று சாயங்காலம் ஐந்தேமுக்கால் இருக்கும். நெடுஞ்சாலை ஓரத்து சர்வீஸ் ரோட்டில் ஒரு பையன் ஸ்கூட்டரில் போகிறான், கயிற்றில் ஒரு லேப் (லேப்ரடார் நாய்) ஓடி வருகிறது. நாக்கு ஒரு பக்கமாகத் தொங்குகிறது, பின்னங்கால் ஒன்று தரையில் இழுபடுகிறது. நிறுத்திக் கேட்டேன். "குண்டாயிட்டான் ஆன்ட்டி, எடை குறையணுமாம்" என்றான்.

எனக்கு வயிறு கலங்கிவிட்டது. போன கத்திரியில் என் அக்கா மகன் எங்கள் செவலையை இதே மாதிரிதான் கூட்டிப்போனான். இருபது நிமிடம்கூட இருக்காது. திரும்பி வந்தவள் உள்ளே வராமல் வாசற்படியிலேயே படுத்து முன்னங்காலை நக்க ஆரம்பித்தாள். தூக்கிப் பார்த்தால் உள்ளங்காலின் கருப்புத் தோல் வெந்த உருளைக்கிழங்கின் தோல் போலக் கிளம்பி நிற்கிறது, அடியில் ரோஸ் நிறத்தில் சதை. இரண்டு வாரத்துக்கு மேல் கட்டு மாற்றினோம். பொழுது சாய்ந்தால் ரோடும் ஆறிவிடும் என்று நினைத்ததுதான் எங்கள் தப்பு. நம் ஊர்த் தார் அவ்வளவு சீக்கிரம் ஆறாது. இப்போதெல்லாம் கிளம்பும் முன் புறங்கையை ரோட்டில் வைத்து ஏழு வரை எண்ணுகிறேன். அதுவரை கை தாங்கவில்லை என்றால் அன்றைக்கு நடை கிடையாது.

வண்டியோடு நாயை ஓட்டுவதையே விட்டுவிட வேண்டும் என்பது என் கட்சி. இல்லை என்பவர்கள் சொல்லுங்கள், கேட்கிறேன்.

மின்னல் (குடியாத்தம்):

நான் இல்லை என்கிறேன் அக்கா. செவலைக்கு நடந்ததைப் படிக்கவே கஷ்டமாக இருந்தது. ஆனால் அவளைச் சுட்டது வெயில், வண்டி இல்லையே.

என்னிடம் இருப்பது மின்னல் என்ற சிப்பிப்பாறை நாய். முயலைத் துரத்துவதற்கென்றே தலைமுறை தலைமுறையாக வளர்த்த இனம். அதைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் தெருவைச் சுற்றி வந்தால் அதற்கு என்ன ஆகும்? முதல் வருடம் நானும் அப்படித்தான் வைத்திருந்தேன். கதவைப் பிறாண்டியது, மொட்டைமாடியிலிருந்து பக்கத்து வீட்டு ஷீட்டில் குதித்தது. இப்போது காலை ஐந்தரைக்கு கவுண்டன்யா ஆற்று மணலுக்குக் கூட்டிப்போய் வண்டிக்குப் பக்கத்தில் ஓட விடுகிறேன். வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தால் பத்து மணி வரை அசைவதில்லை. அந்த வேகத்துக்கு மனிதன் கால் ஈடு கொடுக்குமா?

நாலாவது மாடி (காட்பாடி):

அக்கா பார்த்த பையன் நான் இல்லை. ஆனால் அவன் நிலைமையில்தான் நானும் இருக்கிறேன். என் லேபுக்கு நாலு வயது, 41 கிலோ. 32-க்குக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார் டாக்டர். நடத்திக் கூட்டிப்போனால் காந்தி நகரில் ஒவ்வொரு முனையிலும் தெருநாய்கள் வந்து சூழ்ந்துகொள்கின்றன. இரண்டு முறை கடிபட்டுவிட்டான். வண்டியில் போனால் அந்த இடத்தைச் சட்டென்று தாண்டிவிடலாம். வண்டியும் கூடாது, நடக்கவும் வழியில்லை என்றால் குண்டாகவே கிடந்து சாகட்டும் என்று விட்டுவிடுவதா? கோபத்தில் கேட்கவில்லை, வழி தெரியாமல் கேட்கிறேன்.

பழைய கால்நடை ஆய்வாளர் (அணைக்கட்டு):

காட்பாடி தம்பி, எடையை ஓட்டத்தில் குறைக்கப் பார்ப்பதுதான் முதல் தவறு. எடை குறைவது தட்டில். பியூரினா என்ற நாய்த்தீனி கம்பெனி அமெரிக்காவில் 48 லேப்ரடார்களை வைத்து ஆயுள் முழுக்கப் பார்த்த ஆய்வு ஒன்று 2002-ல் வெளிவந்தது. கூடப்பிறந்த குட்டிகளை ஜோடி சேர்த்து, ஒன்றுக்கு மற்றதைவிடக் கால் பங்கு குறைவாகத் தீனி போட்டார்கள். குறைவாகத் தின்றவை கிட்டத்தட்ட இரண்டு வருடம் கூடுதலாக வாழ்ந்தன. மூட்டுத் தேய்மானமும் அவற்றுக்குத் தள்ளித்தான் வந்தது.

லேபுக்கு இடுப்பு மூட்டு பிறவியிலேயே பலவீனமாக இருக்க வாய்ப்பு உண்டு. அதன்மேல் ஒன்பது கிலோ கூடுதல் சுமை. அந்த உடம்பைத் தார் ரோட்டில் ஓட்டினால் முழங்கால் ஜவ்வு அறுந்துபோகும். அறுந்தால் ஆபரேஷன்தான். விலா எலும்பு லேசாகத் தடவினாலே விரலுக்குத் தட்டுப்பட வேண்டும், மேலிருந்து பார்த்தால் இடுப்பு ஒடுங்கித் தெரிய வேண்டும். அதுவரை ஓட்டம் என்ற பேச்சே வேண்டாம்.

குடியாத்தம் தம்பிக்கும் ஒன்று. நாய்க்கு வியர்ப்பது உள்ளங்காலில் கொஞ்சம்தான், மற்றபடி நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்க முடியும். சாதாரணமாக 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் இருக்கிற உடம்பு 106-ஐ நெருங்கினால் உள்ளுறுப்புகள் கெட ஆரம்பித்துவிடும். அதுவாக ஓடும் நாய் முடியாதபோது நின்றுவிடும். வண்டியோடு கட்டிய நாயால் நிற்க முடியாது. எசமான் முன்னால் போகிறான் என்று விழும்வரை ஓடும். அப்படி விழுந்தவற்றைப் பணிக்காலத்தில் நான் பார்த்திருக்கிறேன். ஈறு செங்கல் நிறத்தில் இருக்கும், எச்சில் பசை போல ஒட்டும். உடனே நிழலுக்கு எடுத்துப்போய் உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே மருத்துவரிடம் போக வேண்டும். ஈரத்துணியைப் போர்த்தி அப்படியே விட்டுவிடாதீர்கள், அது சூட்டை உள்ளேயே பிடித்துவைக்கும்.

மின்னல் (குடியாத்தம்):

ஐயா சொன்னதில் பாதி எனக்குப் பொருந்தாது. நான் வண்டியில் கட்டுவதே இல்லை. கழுத்தில் கயிறும் கிடையாது. மின்னல் தானாக ஓடுகிறது, தானாக நிற்கிறது, நானும் நிற்கிறேன்.

செவலையின் அம்மா (சத்துவாச்சாரி):

தம்பி, கயிறு இல்லையென்றால் அது வேறு விஷயம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஆற்று மணல் என்றதும் எனக்கு அடுத்த பயம் வருகிறது. பாலாற்றில் நாங்கள் பார்க்காததா? குடித்துவிட்டுப் போடும் பாட்டில் ஓடு, மணல் அள்ளிய பள்ளம். முழு வேகத்தில் வரும் நாய் ஒரு பள்ளத்தில் முன்னங்காலை விட்டால் என்ன ஆகும்?

மின்னல் (குடியாத்தம்):

பொய் சொல்ல மாட்டேன் அக்கா. தை மாதம் கண்ணாடி குத்தி நாலு தையல் போட்டோம். அதிலிருந்து ஓட விடும் இடத்தை முதலில் நான் ஒரு நடை நடந்து பார்க்கிறேன். கையில் சாக்குப் பை இருக்கும், பாட்டில் ஓடுகளை எல்லாம் பொறுக்கிவிடுவேன். ஆனாலும் அடைத்து வைப்பதைவிட அந்த நாலு தையல் மேல் என்றுதான் இன்றைக்கும் சொல்வேன்.

பக் வளர்ப்பவர் (ராணிப்பேட்டை):

இங்கே லேப், சிப்பிப்பாறை பேச்சாகவே இருக்கிறது. பக் மாதிரி மூக்கு சப்பையான நாய் வைத்திருப்பவர்கள் லேப்காரர், சிப்பிப்பாறைக்காரர் இரண்டு பேர் சொல்வதையும் கேட்க வேண்டாம். அதற்கு மூச்சுவழியே குறுகல், மூச்சிரைத்துச் சூட்டைத் தணிப்பதும் அரைகுறை. நாங்கள் சித்திரை, வைகாசியில் விடியற்காலையில் பத்து நிமிடம் மட்டும் நடத்துகிறோம். கழுத்துப்பட்டை போடுவதில்லை, மார்புப்பட்டைதான்.

நாலாவது மாடி (காட்பாடி):

ஐயா எழுதியதைப் படித்துவிட்டு நேற்று முழுக்க வீட்டில் கவனித்தேன். நான் போடுவது இரண்டு வேளைதான். ஆனால் எங்கள் நைனா டீ குடிக்கும்போது நாலு பிஸ்கட், அம்மா தயிர்சாதம் ஒரு உருண்டை, ஞாயிற்றுக்கிழமை பிரியாணி வந்தால் எலும்பெல்லாம் அவனுக்கு. கணக்குப் போட்டால் மூன்றாவது வேளை ஒன்று தனியாக நடக்கிறது. நைனாவிடம் சொன்னால், "வாயில்லா ஜீவன் பார்த்துக்கொண்டே நிற்கும்போது எப்படியப்பா தின்பது?" என்கிறார். எனக்கும் அதற்குப் பதில் தெரியவில்லை.

பழைய கால்நடை ஆய்வாளர் (அணைக்கட்டு):

நைனா கையாலேயே கொடுக்கட்டும் தம்பி. பிஸ்கட்டுக்குப் பதிலாக வெள்ளரித் துண்டு, வேகவைத்த கேரட். நாய்க்கு அவர் கையிலிருந்து வருவதுதான் பெரிது. பிரியாணி எலும்பு மட்டும் கூடவே கூடாது. வெந்த கோழி எலும்பு சிலும்பு சிலும்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். பிரியாணியில் இருக்கும் வெங்காயமும் நாயின் ரத்தத்துக்கு ஆகாது.

மூட்டு நோகாமல் பயிற்சி வேண்டும் என்றால் நீச்சல். எங்கள் பக்கம் பம்ப்செட் தொட்டி இல்லாத நிலம் குறைவு. தெரிந்தவர் நிலமாகப் பார்த்துக் கேளுங்கள். இடுப்பளவுத் தண்ணீர் போதும். நீங்களும் இறங்கி வயிற்றுக்கு அடியில் கை கொடுங்கள், முதல் நாள் ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். ஏறி வரப் படியோ சரிவோ இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இறக்குங்கள். அப்புறம், நொண்டுகிறான் என்று வீட்டில் இருக்கும் வலி மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். நமக்குச் சாதாரணமான டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் எல்லாம் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும்.

செவலையின் அம்மா (சத்துவாச்சாரி):

தெருநாய் விஷயத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லை. நான் செய்வதைச் சொல்கிறேன். விடியும் முன் ஐந்து மணிக்குப் போகிறேன், ஒரே தெருவில் தினமும். அந்தத் தெரு நாய்கள் நாலுக்கும் இப்போது எங்களைத் தெரியும். முதல் பத்து நாள் தூரத்திலேயே நின்று திரும்பினோம். வெறிநாய்க்கடி ஊசி செவலைக்கு வருடம் தவறாமல் போடுகிறோம். காட்பாடி தம்பி, உங்களவனுக்கு ஊசி நாள் தாண்டியிருந்தால் முதலில் அதைப் பாருங்கள். அவன் கடிபட்ட நாய் என்பதால் சொல்கிறேன்.

மின்னல் (குடியாத்தம்):

கயிறு கட்டி ஓட்டக் கூடாது, தார் ரோட்டில் கூடாது, வெயிலில் கூடாது. இந்த மூன்றுக்கும் சரி என்கிறேன் அக்கா. வண்டியே கூடாது என்பதற்கு மட்டும் என் கை தூக்காது.

செவலையின் அம்மா (சத்துவாச்சாரி):

அதில் நானும் இறங்கி வர மாட்டேன் தம்பி. இன்னும் எத்தனை நாளைக்கு மின்னல் சக்கரத்தை விட்டு விலகியே ஓடுவாள் என்று நினைக்கிறீர்கள்? ஒரு நாள் வண்டியைக் கரையிலேயே நிறுத்திவிட்டு, நீங்கள் ஒரு முனையிலும் வீட்டில் வேறொருவர் மறுமுனையிலும் நின்று மாறிமாறிக் கூப்பிட்டுப் பாருங்கள். ஓட்டம் குறைகிறதா என்று வந்து சொல்லுங்கள்.

மின்னல் (குடியாத்தம்):

ஞாயிற்றுக்கிழமை தம்பியைக் கூட்டிப்போய்ப் பார்க்கிறேன். எப்படி இருந்தாலும் உள்ளதை எழுதுகிறேன்.