உதவி: மசாஜ், ஹெல்த் கேர் டிப்ளமாவுக்குத் தனியார் கல்லூரியில் சேரலாமா? நாளைக்குள் பணம் கட்டணும்

வியாசை39
வணக்கம். மூலக்கடை பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் மசாஜ், ஹெல்த் கேர் டிப்ளமா இருக்கிறது. ஒரு வருடம், 45,000 ரூபாய். அரசு அங்கீகாரம் உண்டு என்கிறார்கள், சுவரில் சான்றிதழும் மாட்டியிருக்கிறது. முடித்ததும் அவர்களே வேலை வாங்கித் தருவார்களாம். நாளைக்குள் 10,000 கட்டவில்லை என்றால் இடம் போய்விடுமாம். சேரலாமா? தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

ராயபுரம்13
எந்த அரசு, எந்தத் துறை அங்கீகாரம்? முடித்த பிறகு கையில் வரும் சான்றிதழில் யார் பெயர் இருக்கும்? படிக்கப்போவது யார், பிளஸ் டூவில் என்ன குரூப்? ஆஸ்பத்திரி வேலையா, ஸ்பா வேலையா? இது எதுவும் சொல்லாமல் சேரலாமா என்றால் எப்படிச் சொல்வது தம்பி?

பிசியோ பெரம்பூர்
பணம் கட்டாதீர்கள். பிளஸ் டூவில் பயாலஜி இருந்தால் பிசியோதெரபி டிகிரிக்குப் போங்கள். நான்கு வருடத்துக்கு மேல் ஆகும்தான், ஆனால் உடம்புக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்து தொடுவீர்கள்.

நான் இன்டர்ன்ஷிப்பில் இருந்தபோது ஒரு பெரியவர் வந்தார். ஒரு கால் மட்டும் வீங்கியிருந்தது, கெண்டைக்காலைத் தொட்டால் சூடு. வீட்டுக்கு வந்த ஒருவர் நரம்பு பிடித்திருக்கிறது என்று சொல்லி இரண்டு நாள் அழுத்தித் தேய்த்திருக்கிறார். ஸ்கேனில் பார்த்தால் ரத்தக்குழாய்க்குள் ரத்தம் உறைந்திருக்கிறது. அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைத்திருந்தால் ஆளே இல்லை. எப்படித் தேய்ப்பது என்று ஒரு மாதத்தில் யாரும் சொல்லித் தரலாம். எதைத் தொடவே கூடாது என்று தெரிந்துகொள்ளத்தான் படிப்பு வேண்டும்.

நல்லெண்ணெய்
எல்லாவற்றுக்கும் டிகிரி என்றால் ஏழைப் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? சித்த மருத்துவத்தில் உடம்பின் மேல் செய்யும் புற மருத்துவம் மட்டும் 32 வகை. அதில் ஒன்றுதான் தொக்கணம், நீங்கள் மசாஜ் என்று சொல்வது. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல் என்று அதிலேயே ஒன்பது வகை வைத்திருக்கிறார்கள். அரும்பாக்கம் அறிஞர் அண்ணா அரசு இந்திய மருத்துவமனை வளாகத்தில் நர்சிங் தெரபி என்று பட்டயப் படிப்பு இருக்கிறது. அரசுப் படிப்பு. அங்கே போய் விசாரியுங்கள்.

ராயபுரம்13
அதற்கு பிளஸ் டூவில் சயின்ஸ் குரூப் கேட்பார்கள். அதனால்தான் முதலில் குரூப் என்ன என்று கேட்டேன்.

மணலி அன்பு
கேரளாவில் ஆயுர்வேத தெரபிஸ்ட் படிப்பு ஒரு வருடம்தான். அரசே நடத்துகிறது. அதை முடித்த கைக்கு ரிசார்ட்டில் தனி மதிப்பு. இங்கே மசாஜ் படித்தேன் என்றாலே பார்க்கிற பார்வை மாறுகிறது. மசாஜ் சென்டரில் போலீஸ் ரெய்டு என்ற செய்தியைத்தான் எல்லோரும் படித்திருக்கிறார்கள்.

பிசியோ பெரம்பூர்
அந்தப் பார்வைக்கு நாம் ஏன் பயப்பட வேண்டும்? ஸ்பாவுக்குள் சிசிடிவி வைக்கச் சொல்வது தனியுரிமையில் தலையிடுவது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே 2022 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. சந்தேகத்தை மட்டும் வைத்து ஒரு தொழிலையே அசிங்கமாகப் பேசக் கூடாது.

மூத்தவன்
இந்தக் கேள்விக்கு இங்கே எத்தனையோ முறை பதில் எழுதியாகிவிட்டது. தேடிப் படிக்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. அரிச்சுவடியிலிருந்து சொல்கிறேன், கவனமாகப் படியுங்கள். பதிவு வேறு, அங்கீகாரம் வேறு. டிரஸ்ட் என்று பதிவு செய்திருக்கலாம், ஐஎஸ்ஓ வாங்கியிருக்கலாம். அது எதுவும் பாடத்துக்குக் கொடுத்த அங்கீகாரம் ஆகாது. சுவரில் தொங்குவது பெரும்பாலும் உத்யம் சான்றிதழாக இருக்கும். மத்திய அரசின் சின்னம் இருக்கும், பார்த்தால் பயபக்தி வரும். அது சிறு தொழில் நடத்துகிறேன் என்று அவரவரே ஆன்லைனில் எழுதிக்கொடுத்து இலவசமாக வாங்குவது. 2020 ஜூலையிலிருந்து இருக்கிறது. மாவு மில்லுக்கும் அதே காகிதம்தான். திறன் பயிற்சி என்றால், அதை ஒழுங்குபடுத்தும் மத்திய அரசு அமைப்பான என்சிவிஇடி அங்கீகரித்த அமைப்பு சான்றிதழ் தருகிறதா என்று பார்க்க வேண்டும். இதுகூடத் தெரியாமல் 45,000 கட்டக் கிளம்புகிறவர்களை என்ன சொல்வது?

தண்டையார்பேட்டை அக்கா
தெரியாததால்தானே கேட்கிறார்? தெரிந்தால் நம்மிடம் ஏன் வரப்போகிறார்?

தம்பி, நான் இப்படி ஓர் இடத்தில் படித்தவள். பெயர் வேண்டாம். 28 பேருக்கு இரண்டு மேசை. ஒருவர் படுக்க, ஒருவர் தேய்க்க, மற்றவர்கள் சுற்றி நின்று பார்ப்போம். என் முறை வாரத்துக்கு ஒரு தடவை வந்தால் அதிகம். முடித்துவிட்டு ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு இன்டர்வியூ போனேன். சான்றிதழை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, இவருக்கு பிபி பாருங்கள் என்றார் அந்த நர்ஸ். கையில் சுற்றும் பட்டை, அந்தக் கஃப்பின் கீழ் விளிம்பு முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல் மேலே நிற்க வேண்டும். நான் மடிப்பின் மேலேயே சுற்றினேன். அவர் ஒன்றும் பேசாமல் அவிழ்த்துத் திரும்பக் கட்டிக் காட்டினார். அன்றைக்கு வந்த அழுகை இன்னும் நினைவிருக்கிறது. ஒரு வருடம் வீணாய்ப் போனது எனக்கு அந்த அறையில்தான் புரிந்தது.

அதனால் பணம் கட்டும் முன் ஒரு நாள் வகுப்பில் உட்கார வேண்டும் என்று கேளுங்கள். எந்த ஆஸ்பத்திரியில் பயிற்சி, எத்தனை நாள், அந்த ஆஸ்பத்திரி கொடுத்த கடிதம் எங்கே என்று கேளுங்கள். ஏற்கெனவே முடித்தவர்கள் இரண்டு பேரின் நம்பர் வாங்கி, நீங்களே பேசுங்கள். நல்ல இடம் என்றால் இதற்கெல்லாம் கோபப்பட மாட்டார்கள்.

வியாசை39
எல்லோருக்கும் நன்றி. ஷிப்டில் இருந்தேன், இப்போதுதான் பார்த்தேன். சுவரில் இருப்பது உத்யம்தான், நான் எடுத்த போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டேன்.

படிக்கப்போவது நான் இல்லை, என் அத்தை. வயது 41, பத்தாவது பாஸ். எங்கள் தெருவில் பிறக்கிற குழந்தைகளுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவது அவர்தான். பிள்ளை பெற்றவர்களுக்கும் இடுப்புக்கும் காலுக்கும் தேய்த்துவிடுவார். ஒரு ஹோம் கேர் ஏஜென்சியில் சான்றிதழ் இருந்தால் நல்ல சம்பளம் என்றார்களாம், அதற்காகத்தான்.

ராயபுரம்13
அடடா. முதலிலேயே சொல்லியிருந்தால் டிகிரி, கேரளா என்று இவ்வளவு தூரம் சுற்றியிருக்க வேண்டாமே!

நல்லெண்ணெய்
அத்தைக்கு யார் சொல்லித் தர வேண்டும்? அவர் கைதான் பெரிய கல்லூரி. பிறந்த குழந்தைக்குக் காதிலும் மூக்கிலும் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, தலையை உருட்டிப் பிடித்துக் குளிப்பாட்டிய காலத்தில் யாரும் டிப்ளமா கேட்கவில்லை.

பிசியோ பெரம்பூர்
ஐயா, அந்த இரண்டு சொட்டைத் தயவுசெய்து விடாதீர்கள். மூக்கில் விடும் எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா வரலாம். தலையையும் அழுத்தக் கூடாது, எலும்பு இன்னும் சேர்ந்திருக்காது.

நல்லெண்ணெய்
எங்கள் பாட்டி ஒன்பது பேருக்கு விட்டார். ஒன்பது பேரும் நன்றாக இருக்கிறோம்.

பிசியோ பெரம்பூர்
நன்றாக இருப்பவர்கள்தான் வந்து சொல்ல முடியும். கை கால் முதுகுக்கு மெதுவாக எண்ணெய் தடவுவதை நான் குறை சொல்லவே இல்லை, குழந்தைக்கு அது சுகம். மூக்கில் மட்டும் வேண்டாம்.

மூத்தவன்
இரண்டு பேரும் இழையைத் திசை திருப்புகிறீர்கள். எண்ணெய்க்குத் தனி இழை திறந்துகொள்ளுங்கள்.

தண்டையார்பேட்டை அக்கா
வியாசை தம்பி, உங்கள் அத்தையை நினைத்தால் சந்தோஷமாக இருக்கிறது. ஹோம் கேர்தான் குறி என்றால் ஸ்பா மசாஜ் படிப்பு அவ்வளவாக உதவாது. ஜெனரல் டியூட்டி அசிஸ்டன்ட் என்ற பயிற்சியைத் தேடுங்கள், சுருக்கமாக ஜிடிஏ என்பார்கள். படுக்கையில் கிடப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை எப்படித் திருப்பிப் படுக்கவைப்பது, புண் வராமல் முதுகை எப்படிப் பார்ப்பது, பிபி, காய்ச்சல், குளிப்பாட்டுவது, எல்லாம் அதில் வரும். வீட்டில் நோயாளியைப் பார்க்கிற வேலையே இதுதான். மத்திய அரசின் ஸ்கில் இந்தியா திட்டத்தில் கட்டணம் இல்லாமல் நடத்தும் மையங்கள் இருக்கின்றன. பத்தாவதை ஏற்கிறார்களா, வயது வரம்பு என்ன என்று மையத்திலேயே கேட்டுவிடுங்கள். ஏற்கெனவே தெரிந்த வேலைக்குத் தேர்வு வைத்துச் சான்றிதழ் தரும் முறையும் அதில் உண்டு, ஆர்பிஎல் என்று கேளுங்கள்.

ஏஜென்சிக்காரர்களிடமும் எந்தச் சான்றிதழை ஏற்பார்கள் என்று முதலில் கேட்கச் சொல்லுங்கள். கல்லூரிக்காரர் சொல்வதைவிட, சம்பளம் கொடுக்கப்போகிறவர் சொல்வது முக்கியம்.

வியாசை39
(இரண்டு நாள் கழித்து) பணம் கட்டவில்லை. அத்தையே நேரில் போய் ஆஸ்பத்திரிக் கடிதத்தைக் காட்டுங்கள் என்று கேட்டிருக்கிறார். சார் வெளியே போயிருக்கிறார், அப்புறம் வாங்க என்றார்களாம். திரும்பி வந்துவிட்டார். ஏஜென்சியில் ஜிடிஏ இருந்தால் போதும் என்கிறார்கள். மார்க் ஷீட் ஒரிஜினல் போன வாரமே அந்தக் கல்லூரியில் கொடுத்திருந்தோம், அதை வாங்க நாளை நானும் போகிறேன்.

தண்டையார்பேட்டை அக்கா
ஒரிஜினலையா கொடுத்தீர்கள்! கையில் வாங்காமல் படி இறங்காதீர்கள். நாளை வா, சாவி இல்லை என்றால், எங்கள் மார்க் ஷீட் உங்களிடம் இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி அவர்களிடம் கையெழுத்து வாங்குங்கள். அப்போதும் இழுத்தடித்தால் நுகர்வோர் உதவி எண் 1915. என்னுடையதை வாங்க நான் மூன்று மாதம் நடந்தேன், அத்தையை அப்படி நடக்க விடாதீர்கள்.

ராயபுரம்13
(ஐந்து நாள் கழித்து) தம்பி, மார்க் ஷீட் வந்ததா?