ஐந்து நிமிடம் இறுக்கிய கை

உவர்மலையிலிருந்து:

எனக்கு வயது 53. பத்து வருடமாகச் சலரோகம். மகள் கொழும்பில் ஸ்கான் எடுக்கப் பயிலுகிறாள். இரத்தக் குழாயின் உள்சுவர் எப்படி வேலை செய்கிறது என்று ஊசி குத்தாமல் பார்க்கும் முறையைப் பழக ஆள் தேவைப்பட்டது. "வாங்கோ அப்பா" என்றாள். இரவு பஸ் ஏறினேன்.

காலையில் தேத்தண்ணி கூடக் கிடையாது. கொஞ்ச நேரம் அசையாமல் படுக்கவிட்டு, முழங்கைக்கு மேலே நாடிக் குழாயின் அகலத்தை ஸ்கானில் அளந்தார்கள். பிறகு முன்கையில் பிரஷர் பட்டியைக் கட்டி 5 நிமிடம் இறுக்கினார்கள். விரல்கள் விறைத்து, உள்ளங்கை வெளிறிப்போனது. பட்டியைத் தளர்த்தியதும் இரத்தம் குபுகுபுவென்று பாய்ந்தது. அந்தப் பாய்ச்சல் உரசும்போது உள்சுவர் நைட்ரிக் ஒக்சைட்டைச் சுரக்குமாம், அது நாடியைத் தளர்த்தி விரியவைக்கும். 4 மில்லிமீற்றர் குழாய் கால் மில்லிமீற்றர் விரிந்தால் ஏறக்குறைய 6 சதவீதம். எனக்கு 3தான். மகளின் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை.

1992இல் செலர்மேயர் என்ற மருத்துவரும் லண்டனில் அவரோடு இருந்தவர்களும் இந்த முறையை வெளியிட்டபோதே, நோய் அறிகுறி இல்லாத புகைபிடிப்பவர்களிடமும் விரிவு குறைந்திருந்ததைக் காட்டினார்களாம். சிகரட்டை விடாத என் தம்பியிடம் சொன்னேன். "நெஞ்சு நோகேல்லையே அண்ணா" என்கிறான். நோவதற்கு எவ்வளவோ முன்பே தொடங்குகிறது என்பதுதானே விஷயம்! வேறு யாருக்காவது இது செய்திருக்கிறார்களா?

கிண்ணியாவிலிருந்து:

எனக்கு விரலில் செய்தார்கள் அண்ணா, கட்டாரில் வேலை செய்தபோது. இரண்டு சுட்டுவிரலிலும் உறை மாட்டி, ஒரு கையை மட்டும் இறுக்கி, விட்டபின் விரலில் துடிப்பு எத்தனை மடங்கு கூடுகிறது என்று மற்றக் கையோடு ஒப்பிட்டார்கள். அந்த விகிதம் 1.67க்குக் கீழே வந்தால் குறைவாம். ஏசிக் குளிரில் விரல் சில்லிட்டு முதல்முறை சரிவரவில்லை. கை சூடாகும்வரை காத்திருந்து திரும்ப எடுத்தார்கள்.

மூதூரிலிருந்து:

நான் தாதியாக இருக்கிறேன். அண்ணா, அந்த ஒரு எண்ணை வைத்து மனம் உடையாதீர்கள். கருவி கொஞ்சம் நகர்ந்தாலே அளவு மாறிவிடும், எடுத்தவர்களும் பயிலும் பிள்ளைகள். நித்திரை இல்லாத இரவும் விரிவைக் குறைக்கும், நீங்களோ இரவு முழுக்க பஸ்ஸில் இருந்திருக்கிறீர்கள். இப்படி ஆட்டம் காட்டுவதால்தான் இது பெரும்பாலும் ஆய்வுகளோடு நிற்கிறது. சரி, சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் போகிறதா என்று பார்த்தீர்களா? சிறு குழாய்களின் உள்சுவர் பழுதாவதை அதுவும் காட்டும். அதற்கும் ஊசி வேண்டாம்.

உவர்மலையிலிருந்து:

பார்த்ததில்லை தங்கச்சி. திங்கட்கிழமை கிளினிக், கட்டாயம் கேட்கிறேன்.