நாலு பேர் ஒரே மாடலில் ஒரே நேரத்தில் வேலை செய்ய முடியுமா?

பம்ப்செட்_கோவை:

வணக்கம். கோவையில் சின்ன டிசைன் ஆபீஸ் எங்களுடையது. பம்ப் கேசிங் (வெளிக்கூடு), இம்பெல்லர் (உள்ளே சுழலும் சக்கரம்), மோட்டார் பாடி என்று வார்ப்பட வேலைகள்தான் அதிகம். நாலு ஒர்க்ஸ்டேஷன், ஒரு நாஸ் பெட்டி (எல்லாரும் நெட்வொர்க்கில் பகிரும் சேமிப்பு), நடுவில் ஒரு கிகாபிட் சுவிட்ச். எல்லாருடைய ஃபைலும் நாஸில் ஒரே ஃபோல்டரில்தான் கிடக்கும். வரைவது சாலிட்வொர்க்ஸ் என்ற முப்பரிமாண டிசைன் மென்பொருளில்.

போன மாதம் ஒரு மோனோபிளாக் பம்ப் வேலை. கேசிங் என் கையில், இம்பெல்லர் கூட இருக்கும் பையன் கையில். கேசிங் ஃபைலைத் திறந்து வைத்துவிட்டு நான் சாப்பிடப் போய்விட்டேன். அந்த நேரம் பார்த்து அவனுக்கு உள்பக்கம் 2 மில்லிமீட்டர் கூடுதல் இடம் தேவைப்பட்டிருக்கிறது. திறந்தால் ரீட்-ஒன்லி. சரி என்று 'கேசிங்_புதுசு' எனத் தனியாகச் சேவ் செய்து, அதில் மாற்றிவிட்டு, இம்பெல்லரை அதற்குப் பொருத்திவிட்டான். என்னிடம் சொல்ல மறந்துவிட்டான். நான் வந்து பழைய ஃபைலிலேயே டிராயிங் எடுத்து பேட்டர்ன் கடைக்கு (வார்ப்புக்கு மாதிரி அச்சு செய்கிறவர்கள்) அனுப்பினேன். மரப் பேட்டர்ன், காஸ்டிங், மெஷினிங் எல்லாம் தாண்டி அசெம்பிளி மேசையில்தான் தெரிந்தது, இம்பெல்லர் உரசுகிறது. லேத்தில் போட்டு உள்ளே கடைந்துவிடலாமா என்று பார்த்தோம், சுவர் கனம் போதவில்லை. 16 காஸ்டிங் மறுபடி உலைக்கே போயின. மென்பொருளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அது 'இன்னொருவர் திறந்து வைத்திருக்கிறார்' என்று சொல்லத்தான் செய்தது.

இப்போது முதலாளி கேட்கிறார்: "கூகுள் டாக்ஸில் நாலு பேர் ஒரே பக்கத்தில் டைப் அடிக்கிறார்களே, அது மாதிரி இதில் கிடையாதா?" பிரவுசரில் ஓடும் ஆன்ஷேப் என்ற டிசைன் மென்பொருளில் முடியும் என்கிறார்கள். உற்பத்தி வேலைக்கு அதை உண்மையாகவே ஓட்டுகிறவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

பழைய_டிராஃப்டர்:

இருக்கிறேன் தம்பி. ஓசூரில் ஃபிக்சர் (வேலைப் பொருளைப் பிடித்து வைக்கும் சாதனம்) டிசைன். மூன்று வருடமாக அதில்தான் ஓட்டுகிறோம்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள், ஆன்ஷேப்பில் ஃபைல் என்ற ஒன்றே கிடையாது. எல்லாம் அவர்கள் சர்வரில் டேட்டாபேஸாக இருக்கிறது. நீங்கள் ஒரு துளை போட்டால், 'துளை போட்டார்' என்ற அந்த ஒரு மாற்றம் மட்டும் வரிசையின் கடைசியில் போய்ச் சேரும். மாடல் என்பது அந்த மாற்றங்களை முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தால் கிடைப்பது. அதனால் ஒருவர் திறந்தால் மற்றவருக்குப் பூட்டு என்ற பேச்சே வராது. நீங்கள் சாப்பிடப் போனாலும் பையன் உங்கள் கேசிங்கைத் திறந்து மாற்றலாம். திரும்பி வந்து பார்த்தால் மாறியிருக்கும். யார் எப்போது மாற்றினார் என்பது வரலாற்றில் இருக்கும், வேண்டாமென்றால் பழைய நிலைக்குப் போய்விடலாம். 'கேசிங்_புதுசு' பிறக்கவே வழியில்லை. சாலிட்வொர்க்ஸை 1993-இல் தொடங்கிய அதே ஜான் ஹிர்ஷ்டிக்தான் இதையும் சகாக்களோடு 2012-இல் தொடங்கினார் என்பது எனக்குப் பிடித்த வேடிக்கை. ஃபைல் வைத்துக்கொண்டு ஊரே படும் பாட்டை அவரை விட யார் நன்றாக அறிந்திருப்பார்கள்? 2019-இல் பிடிசி என்ற மென்பொருள் நிறுவனம் அதை வாங்கிவிட்டது.

ஆனால் முதலாளியின் கூகுள் டாக்ஸ் உதாரணம் பாதி தூரம்தான் வரும். கடிதத்தில் நீங்கள் மூன்றாம் பத்தியைத் திருத்தினால் ஒன்பதாம் பத்திக்கு ஒன்றும் ஆகாது. கேசிங்கில் அப்படியா? அடியில் ஒரு ஸ்கெட்ச், அதன்மேல் ரிவால்வ் (ஸ்கெட்சைச் சுழற்றி உருவாக்குவது), அதன்மேல் ரிப் (தாங்கு விலா), அதன் ஓரத்தில் ஃபில்லட் (ஓரத்தை வளைவாக்குவது). ஒவ்வொன்றும் ஒரு ஃபீச்சர், கீழே இருப்பதை நம்பி நிற்பது. எங்கள் ஆபீஸில் முதல் வாரமே நடந்தது. நான் ஒரு பிராக்கெட்டுக்கு ஃபில்லட் போட்டுக்கொண்டிருக்கிறேன். அடுத்த மேசைக்காரர் அதே பிராக்கெட்டின் அடி ஸ்கெட்சில் ஒரு மூலையை வெட்டிவிட்டார். நான் ஃபில்லட் போட்ட ஓரமே காணாமல் போய்விட்டது. பட்டியலில் ஒன்பது ஃபீச்சர் பிழை காட்டி வரிசையாகச் சிவந்தது. இரண்டு பேருமே தப்பு செய்யவில்லை. சர்வரும் தப்பு செய்யவில்லை, இரண்டு மாற்றத்தையும் ஒழுங்காகத்தான் வரிசையில் சேர்த்தது. வடிவியல்தான் அந்த வரிசைக்கு ஒத்துவரவில்லை.

அந்த ஓரம் 'எந்த ஓரம்' என்று கணினிக்கு அடையாளம் தெரிவதே பெரிய பாடு. அடியில் ஒரு கோடு கூடினால் மேலே ஓரங்களின் பெயர் மாறிப்போகும். ஃப்ரீகேட் என்ற இலவச டிசைன் மென்பொருளின் ஆட்கள் இதோடு வருடக்கணக்கில் மல்லுக்கட்டி, 2024 நவம்பரில் வந்த 1.0 பதிப்பில்தான் ஓரளவு அடக்கினார்கள். ஒரே ஆள் உட்கார்ந்து வரையும்போதே வரும் சிக்கல் இது. நாலு பேர் உட்கார்ந்தால் சொல்லவே வேண்டாம்.

இப்போது எங்கள் வழக்கம்: ஒரு பார்ட்டுக்கு ஒரு கை. பார்ட்டுகளைச் சேர்த்துப் பொருத்திப் பார்க்கும் அசெம்பிளியில் மட்டும் எல்லாரும் ஒன்றாக நிற்போம். பார்ப்பதற்குத்தான் இது உண்மையில் வரம். மற்றவர் பெயர்ப் பொத்தானைச் சொடுக்கினால் அவர் எந்தக் கோணத்தில் மாடலைத் திருப்புகிறாரோ அதே கோணம் நமக்கும் வரும். கஸ்டமர் போனில் இருக்கும்போதே கிளாம்பை நகர்த்திக் காட்டி, "இங்கே ஸ்பானர் நுழையுமா சார்?" என்று கேட்டு முடித்த நாட்கள் உண்டு.

ஒரு எச்சரிக்கை. இலவசக் கணக்கில் வைக்கும் டாக்குமென்ட் எல்லாம் பொதுவில் இருக்கும், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். கஸ்டமர் டிராயிங்கை அதில் போட்டுப் பழகிப் பார்க்காதீர்கள். பழகுவதற்கு வீட்டு மிக்ஸி ஜாரை அளந்து வரையுங்கள்.

மேகம்_துபாய்:

நான் கட்டட வேலை, ரெவிட் என்ற கட்டட டிசைன் மென்பொருளில். எங்கள் பக்கம் இது வேறு மாதிரி நடக்கிறது, உங்களுக்குப் பயன்படலாம் என்பதால் சொல்கிறேன். நடுவில் ஒரு சென்ட்ரல் மாடல், ஒவ்வொருவர் மெஷினிலும் அதன் லோக்கல் நகல். நான் ஒரு சுவரைத் தொட்டதும் அந்தச் சுவர் என் பெயருக்கு வந்துவிடும். சிங்க் செய்து (என் மாற்றங்களைச் சென்ட்ரலில் சேர்த்து) விட்டுக்கொடுக்கும்வரை வேறு யாரும் அதை மாற்ற முடியாது, வேண்டுமானால் 'விடுங்கள்' என்று எனக்குக் கோரிக்கை அனுப்பலாம். பூட்டு உண்டு, ஆனால் முழு ஃபைலுக்கு இல்லை, சுவருக்கு, தூணுக்கு. இது உடனுக்குடன் கிடையாது, சிங்க் செய்தால்தான் அடுத்தவருக்குத் தெரியும். சாயங்காலம் எல்லாரும் ஒரே நேரத்தில் சிங்க் அடித்துவிட்டு வரிசையில் காத்திருப்போம், ஆபீஸில் டீ ஓடுவதே அப்போதுதான்.

எல்லாரும் ஒரே வருடப் பதிப்பில் இருக்க வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். பதிப்பு வேறுபட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஏர்பஸ் ஏ380 இருக்கிறதே. ஹாம்பர்க்கில் கேட்டியா என்ற டிசைன் மென்பொருளின் 4-ஆம் பதிப்பு, துலூஸில் 5-ஆம் பதிப்பு. ஒரு விமானத்தில் சுமார் 530 கிலோமீட்டர் ஒயர். ஹாம்பர்க்கில் கட்டிய ஒயர்க் கட்டுகள் துலூஸில் பொருத்தும்போது நீளம் போதவில்லை. 2006-இல் டெலிவரி தள்ளிப்போனதற்கு அது பெரிய காரணம். உங்கள் 2 மில்லிமீட்டருக்கு அண்ணன் அது.

நாஸ்_பெட்டி:

இரண்டு பேரும் பெரிய கதையாகச் சொல்லிவிட்டார்கள். இவருக்கு நடந்தது உடனுக்குடன் சேர்ந்து வரையாததால் வந்ததா? வெளியீட்டில் வந்த தப்பு அது. எது கடைசி கேசிங் என்று பேட்டர்ன் கடைக்கு யார் சொல்வது என்பதே அங்கே முடிவாகவில்லை. பல கர்சர் ஒரே திரையில் ஓடுவது ஒன்றும் புதிதில்லை, கணினி மவுஸைக் கண்டுபிடித்த ஏங்கல்பார்ட் 1968 டிசம்பரிலேயே சான் பிரான்சிஸ்கோ மேடையிலிருந்து மென்லோ பார்க்கில் இருந்தவரோடு ஒரே திரையைப் பகிர்ந்து, ஆளுக்கொரு கர்சரோடு காட்டினார்.

உங்களிடம் இருப்பது சாலிட்வொர்க்ஸ் புரொஃபஷனல் அல்லது பிரீமியம் என்றால் பிடிஎம் ஸ்டாண்டர்ட் (ஃபைல்களையும் பதிப்புகளையும் நிர்வகிக்கும் மென்பொருள்) அதோடு சேர்த்தே வந்திருக்கலாம், விற்றவரிடம் கேளுங்கள். செக்-அவுட் செய்தவர் (ஃபைலைத் தன் பெயரில் எடுத்தவர்) மட்டும் மாற்றலாம், ஒப்புதல் ஆகாத டிராயிங் வெளியே போகாதபடி நிலைகளை அமைக்கலாம். பாதிப் பேர் இதை வாங்கிவிட்டு நிறுவாமலே வைத்திருக்கிறார்கள்.

பம்ப்செட்_கோவை:

எல்லாருக்கும் நன்றி. லைசென்ஸ் காகிதத்தைத் தேடி எடுத்தேன். புரொஃபஷனல்தான். நாலு வருடமாக பிடிஎம் நிறுவாமல் கிடந்திருக்கிறது, சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

பழைய டிராஃப்டர் அண்ணா, மிக்ஸி ஜாரை வரைந்து பார்த்தேன். பையனும் நானும் ஒரே நேரத்தில் பிளேடில் கை வைத்தோம், நீங்கள் சொன்ன மாதிரியே சிவந்தது. அசெம்பிளியில் சேர்ந்து நிற்பது நிஜமாகவே பிடித்திருக்கிறது. முதலாளியின் கவலை இன்டர்நெட்தான். எங்கள் பக்கம் சாலை தோண்டினால் ஃபைபர் போய்விடுகிறது. ஓசூரில் அந்த மாதிரி நாட்களில் என்ன செய்கிறீர்கள்?

பழைய_டிராஃப்டர்:

இரண்டு கம்பெனி லைன், அதுவும் போனால் போன் ஹாட்ஸ்பாட். கனமான கணக்கெல்லாம் சர்வரில் நடப்பதால் ஹாட்ஸ்பாட்டில்கூட தள்ளிவிடலாம். மூன்றும் போன நாள் ஒன்று உண்டு. அன்றைக்கு பேட்டர்ன் கடைக்கு நேரில் போய் உட்கார்ந்துவிட்டேன்.