கோலிக்குண்டு ரோலர் கோஸ்டர்: கணக்கு சரி, குண்டு மட்டும் விழுகிறது. உதவுங்கள்

கேட்பவர், அம்மாபேட்டை:
வணக்கம். மகள் ஒன்பதாம் வகுப்பு. பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு ரோலர் கோஸ்டர் மாதிரி செய்கிறோம். ஏசி செப்புக் குழாய்க்கு மாட்டும் கறுப்பு நுரைக்குழாயை நீளவாக்கில் பிளந்து தடமாக ஒட்டியிருக்கிறோம். நடுவில் ஒரு முழு வளையம். கோலியின் மையம் சுற்றும் வட்டத்தின் விட்டம் 30 செ.மீ., அதாவது ஆரம் 15. ஆரத்தைப் போல் 2.5 மடங்கு உயரத்திலிருந்து விட்டால் போதும் என்று அவள் கணக்குப் போட்டாள். 37.5 வந்தது. வளையத்தின் அடியிலிருந்து 38 செ.மீ. உயரத்தில் விடுகிறோம். ஒவ்வொரு முறையும் உச்சிக்குச் சற்று முன்பே கோலி தடத்தை விட்டு விழுந்துவிடுகிறது. இன்னும் எட்டு நாள்தான். நேற்று அழுதேவிட்டாள்.

பதில், கன்னங்குறிச்சி:
கோலி லேசாக இருக்கும் அண்ணா. சைக்கிள் கடையில் பெரிய பால்ரஸ் குண்டு வாங்கிப் போட்டுப் பாருங்கள்.

பதில், சூரமங்கலம் (ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்):
எடையைக் கூட்டி ஆகாது தம்பி. கணக்கில் எடை இரண்டு பக்கமும் வந்து அடிபட்டுப் போகும். பாப்பா போட்ட கணக்கில் தப்பே இல்லை, ஆனால் அது உராய்வே இல்லாமல் வழுக்கிப் போகும் பொருளுக்கானது. கோலி வழுக்கவில்லை, உருளுகிறது. உருளும் திண்மக் கோளத்தின் இயக்க ஆற்றலில் ஏழில் இரண்டு பங்கு தன்னைத்தானே சுற்றுவதற்கே போய்விடும். முன்னால் ஓடுவதற்கு மிச்சம் ஏழில் ஐந்துதான். அதைச் சேர்த்துப் போட்டால் 2.5 என்பது 2.7 ஆகும். உங்கள் வளையத்துக்கு 40.5 செ.மீ. நீங்கள் விடுவது 38. ஆற்றல் கொஞ்சமும் வீணாகாவிட்டாலும் விழத்தான் செய்யும்! நுரை அமுங்குவதால் போகும் ஆற்றல் இதற்கு மேல்.

55-இல் தொடங்கி இரண்டிரண்டு செ.மீ.யாக இறக்கி, ஒவ்வொரு உயரத்திலும் பத்து முறை விடச் சொல்லுங்கள். எத்தனை முறை சுற்றியது என்று அட்டவணை போடட்டும். 37.5, 40.5, கடைசியில் கையில் கிடைத்த உயரம், இந்த மூன்றையும் அட்டையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் நடுவர் நின்று கேட்பார்.

பதில், ஐந்து ரோடு (ஏசி மெக்கானிக்):
அண்ணே, ஒட்டு போட்ட இடங்களை விரலால் தடவிப் பாருங்க. டேப்பை உள்பக்கம் ஒட்டியிருந்தால் அதன் ஓரம் தட்டும். வெளிப்பக்கம்தான் ஒட்டணும். வளையம் ஆடினாலும் வேகம் போகும், ரெண்டு பக்கமும் பலகையில் இறுக்கிக் கட்டுங்க.

கேட்பவர்:
ஐயா, தம்பி, இருவருக்கும் நன்றி. டேப் உள்பக்கம்தான் இருந்தது. மாற்றி ஒட்டி, வளையத்தையும் கட்டிவிட்டோம். 50-இல் பத்துக்குப் பத்து. 46-இல் ஆறு. 44-இல் ஒன்றுகூட இல்லை. ராத்திரி பதினொன்று வரை விட்டுக்கொண்டே இருந்தாள். இப்போது, நிஜ ரோலர் கோஸ்டரில் வளையம் ஏன் முழு வட்டமாக இல்லை என்று கேட்கிறாள்.

பதில், சூரமங்கலம்:
அருமையான கேள்வி. முழு வட்டத்தில், உராய்வு இல்லை என்று வைத்து, உச்சியை மட்டுமட்டாகக் கடக்கும் வேகத்தில் போனாலே அடியில் உடம்பு எடையைப் போல் ஆறு மடங்கு அழுத்தும். கழுத்து தாங்காது. 1895-இல் அமெரிக்காவில் கோனி ஐலண்டில் வட்ட வளையம் கட்டினார்கள், அது நிலைக்கவில்லை. 1976-இல் கலிபோர்னியாவின் மேஜிக் மவுண்டனில் திறந்த ‘ரெவல்யூஷன்’ கண்ணீர்த்துளி வடிவத்தில் வந்தது. வடிவமைத்தவர் வெர்னர் ஸ்டெங்கல். அடியில் ஆரம் பெரிது, உச்சியில் ஆரம் சிறிது. வேகம் கூடிய இடத்தில் மெதுவாக வளையும், வேகம் குறைந்த இடத்தில் சட்டென்று திரும்பும். ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் பேருந்து வேகத்தைக் குறைத்த பிறகுதானே ஒடித்துத் திரும்புகிறது, அதைச் சொன்னால் அவளுக்குப் பிடிபடும்.

உயரத்தை மாற்றாமல் வளையத்தை மட்டும் துளி வடிவத்துக்கு இழுத்துக் கட்டி, இன்னொரு அட்டவணை போடச் சொல்லுங்கள்.

கேட்பவர்:
இப்போதே நுரைக்குழாய் இன்னும் இரண்டு மீட்டர் வேண்டும் என்கிறாள். ஐந்து ரோடு தம்பி, உங்கள் கடை எத்தனை மணி வரை திறந்திருக்கும்?