நொன்னா (ஆச்சி) ஃபியோரெல்லோவைப் பாத்துச் சிரிக்கிறா, எனக்கு ஒண்டும் விளங்கேல்ல, அவசரம்

கேட்டவர் (பலெர்மோ, இத்தாலி): வணக்கம். வயசான அம்மா ஒராளைப் பாக்கிற வேலை கிடைச்சிருக்கு. அவ பின்னேரம் முழுக்க ராய்ப்ளே எண்ட இத்தாலி அரச டீவீயின்ர இன்ரநெட் சேவையில ஃபியோரெல்லோ எண்டவரைத்தான் பாக்கிறா, இடையில என்னட்ட ஏதோ கேப்பா, நான் "சீ, சீ" (இத்தாலியனில ஓம், ஓம்) எண்டு தலையாட்டுவன், நேற்று கோவம் வந்திட்டுது, நாளைக்கு மகன் வந்து என்னை வைச்சிருக்கிறதோ எண்டு முடிவெடுக்கப் போறாராம். ஆர் இந்த மனுசன்? நித்திரை இல்லை.

ரெஜ்ஜோ அண்ணை: தங்கச்சி, வேலைக்கு எழுத்தில ஏதும் தந்தவையோ? நான் வந்த புதுசில ஆறு மாசம் ஒரு குசினியில கோப்பை கழுவினனான், கடைசி மாசக் காசு இண்டைக்கும் வரேல்ல. அதை முதல் பாருங்கோ.

மிலானோக்காரன்: பகிடியில பாஷை படிக்கேலாது, செய்தி பாருங்கோ. அவர் கதைக்கிற வேகம் எனக்கே பிடிபடாது.

கத்தானியா அக்கா: அப்பிடிச் சொல்லாதேங்கோ, நான் அவரைப் பாத்துத்தான் காது பழகினனான். 1960ல கத்தானியாவில பிறந்து அவுகுஸ்தாவில வளந்த ஆள், எங்கட சிசிலிக்காரன், டீவீயில பகிடி விட்டுப் பாடுறவர். விடுமுறைக்கு வாற சனத்தைச் சிரிக்கப் பண்ணுற வேலையில தொடங்கி, 1992ல இத்தாலியா ஊனோ எண்ட டீவீ சானலில 'கராவோக்கே' எண்ட நிகழ்ச்சி செய்தவர், ஊர் ஊரா பியாத்ஸாவுக்கு (ஊர்ச் சதுக்கத்துக்கு) போய் சாதாரண சனத்திட்ட மைக்கைக் குடுத்துப் பாட விட்டவர், அதாலதான் இந்த வயசாக்களுக்கு அவர் வீட்டுப்பிள்ளை மாதிரி. பிறகு ரேடியோவில எழுத்தாளர் கமில்லேரி மாதிரிக் கதைச்சுக் காட்டுவார், 2021ல ஒருத்தரும் இல்லாத சன்ரேமோ பாட்டுவிழா மண்டபத்தில வெறுங்கதிரையளுக்கு முன்னால நிண்டு செய்தார், எனக்கு அண்டைக்கு அழுகையே வந்தது.

மிலானோக்காரன்: அவர் விடியக்காலமை செய்த 'விவா ராய் தூவே' எண்ட டீவீ நிகழ்ச்சியால றோமில அக்கம்பக்கத்து வீட்டுக்காரர் சத்தம் தாங்கேலாமல் முறைப்பாடு போட்டவை. நாங்கள் பெர்மெஸ்ஸோவுக்கு (இங்க இருக்கிற அனுமதிக்கு) குடுத்து ஒன்பது மாசம், எங்கட முறைப்பாட்டை ஆர் கேக்கினம்?

ரெஜ்ஜோ அண்ணை: அதோட வாடகை. ரெண்டு மாசக் காசு முற்பணமா வேணுமாம்.

கத்தானியா அக்கா: பிள்ளைக்கு நாளைக்கு வேலை போகப் போகுது, இதை விடுங்கோ. தங்கச்சி, நொன்னா என்ன சொல்லித்தான் கேக்கிறா?

கேட்டவர்: "கெ ஆ தெத்தோ" மாதிரி ஒண்டு. சொல்ல மறந்திட்டன், அவவுக்கு ஒரு காது கேக்காது.

கத்தானியா அக்கா: "அவர் என்ன சொன்னவர்" எண்டு கேட்டிருக்கிறா அம்மா, நீங்கள் "ஓம் ஓம்" எண்டிருக்கிறியள்! ராய்ப்ளேயில 'சொத்தோத்தீத்தொலி' எண்டதை அமத்துங்கோ, எழுத்து கீழ வரும். டீவீயில ராய் சானல் எண்டா டெலிவீடியோ எண்ட எழுத்துச் சேவையில 777ஆம் பக்கம். நொன்னாவும் வாசிப்பா, நீங்களும் வாசிச்சுப் படிப்பியள். விளங்காட்டி "நொன் ஓ கபீத்தோ" எண்டு சொல்லுங்கோ, இனித் தலையாட்டாதேங்கோ. மகன் வந்தால் சி.பி.ஐ.ஏ. எண்ட பெரியாக்களுக்கான அரசாங்கப் பள்ளிக்கூடத்தில இத்தாலியன் படிக்கப் பேர் குடுக்கப் போறன் எண்டு சொல்லுங்கோ, அஞ்சு வருசத்தால நீண்டகாலப் பெர்மெஸ்ஸோவுக்கு ஏ2 எண்ட பாஷை மட்டம் கட்டாயம் கேப்பினம். நாளைக்குப் பின்னேரம் என்ன நடந்தது எண்டு எழுதுங்கோ, நான் பாத்துக்கொண்டிருப்பன்.